அரை சாண் சுவர்

காலை எட்டு மணிக்குப் பதினேழாம் நம்பர் முட்டையில் கீறல் விழுந்தது. எட்டேகாலுக்குக் கீறல் ஓட்டையானது. ஓட்டைக்குள் மிளகளவு அலகு ஒன்று தெரிந்ததும், முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்து ஓய்வுபெற்ற சர்வேயர் வாயில் பற்பசை நுரையோடு மாடிப்படியில் நின்று மனைவியைக் கூப்பிட்டார். அந்தக் கூப்பாட்டில் தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து இரண்டு வீடு தள்ளிப் போய்ப் படுத்தது.

அவர் அப்படிக் கத்துகிற மனிதர் அல்ல. நாலு பேர் கூடிய இடத்தில் நிமிர்ந்த முதுகும் அளந்த பேச்சுமாக நிற்பவர். தும்முவதாக இருந்தாலும் அளந்துதான் தும்முவார் என்று அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு. மனைவி பழைய துணி அலமாரியைத் தச்சரிடம் கொடுத்து, சூடு தரும் கம்பியும் சின்ன விசிறியும் வைத்து, மாடி அறையில் குஞ்சு பொரிக்கும் அலமாரியாக மாற்றியபோது, கோழி செய்கிற வேலையை மரப்பெட்டி செய்யுமா என்று சிரித்தவரும் அவர்தான். மூன்றாம் நாள் நாற்பத்தெட்டு முட்டைக்கும் பென்சிலால் நம்பர் போட்டார். ஐந்தாம் நாள் அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டார். பத்தாம் நாள், முப்பத்தேழரை டிகிரியிலிருந்து முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வீட்டையே அதட்டினார். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய மனைவிக்கு எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று தெரியும்.

இன்று இருபத்தொன்றாம் நாள். பத்து மணிக்குள் ஒன்பது முட்டைகளில் கீறல். கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு சர்வேயர் நம்பரைச் சொல்ல, மனைவி எழுதினாள். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருக்காது.

பத்தே முக்காலுக்கு அலமாரியின் விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

எதிர் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. ஆக, தெருவில் கரண்ட் இருக்கிறது, இந்த வீட்டில்தான் இல்லை. சர்வேயர் கீழே இறங்கி ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார். கம்பி பழுதில்லாமல் இருந்தது. மாட்டிய கையை எடுப்பதற்குள் வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை கண் சிமிட்டி மறுபடி அணைந்தன. கால் மணி கழித்து இன்னொரு சிமிட்டல். யாரோ வேண்டுமென்றே சீண்டுவது போல இருந்தது.

ஓட்டை போட்ட குஞ்சு ஈரமாக இருக்கும். வெளியே வருகிற நேரத்தில் சூடு போனால் ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். இதை நோட்டின் முதல் பக்கத்திலேயே அவர் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். மனைவி அடுப்பில் வெந்நீர் போட்டுப் பாட்டில்களில் ஊற்றி அலமாரிக்குள் வைத்தாள், மேலே கம்பளி போர்த்தினாள். முள் முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தது.

வழக்கமாக வருகிற எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால், முழங்காலில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார் என்றார்கள். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'இருபது நிமிடத்தில் வருவோம்' என்று ஒரு நம்பர் இருந்தது. சொன்னபடியே இருபதாம் நிமிடம் ஒருவன் வந்தான். அந்த ஒன்றில் மட்டும் நாணயம். பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டரை விட்டான். இரண்டிலும் எரிந்தது. ஒன்றில்தான் எரிய வேண்டும் என்று சர்வேயருக்கே தெரியும். வந்தவன் தலையைச் சொறிந்தான். வயரிங் மொத்தமும் பழசு, எல்லாவற்றையும் பிடுங்கி மாற்ற நாலு நாள் ஆகும், அதுவரை எர்த் கம்பியை நியூட்ரலாக மாட்டி ஓட்டலாம் என்றான்.

சர்வேயருக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும்.

"அளக்காமலே எல்லை சொல்றவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன் தம்பி. போயிட்டு வாங்க."

பிறகு ஹார்டுவேர் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு ஓட்டையிலும் எரிகிறதா என்று மட்டும் திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றதும், கரண்டம்மாவைத் தவிர வேறு யாரும் சரிப்பட மாட்டார்கள் என்று போனை எடுத்தார். "ஒண்ணு சொல்லிடறேன். வந்ததும் வேலையில கை வைக்க மாட்டாங்க. நீங்க அவசரப்படுத்தினா எழுந்து போயிடுவாங்க."

கரண்டம்மா பன்னிரண்டரைக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். குள்ளமான, கெட்டியான உடம்பு. ரப்பர் அடி வைத்த செருப்பு. தோளில் பை, கையில் தனக்கென்று ஒரு மரமுக்காலி. கூடத்தின் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பையைத் திறக்காமலே, கதையைச் சொல்லுங்கள் என்றாள். எத்தனை மணிக்குப் போனது, அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, இதற்கு முன்னால் விளக்கு மினுக்கியது உண்டா, எந்த மாதத்திலிருந்து. மாடியில் முட்டைகள் துடிக்க, இவள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் எரிந்து விழுந்திருப்பார்கள். சர்வேயருக்கோ மனசுக்குள் ஒரு மரியாதை பிறந்தது. தகராறு நிலத்துக்குப் போனால் அவரும் முதலில் அளவுச் சங்கிலியை எடுக்க மாட்டார், ஊர்க்காரர்களை உட்கார வைத்துப் பேச விடுவார்.

அவர் மூன்று மாதமாக விளக்கு மினுக்குவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சிமிட்டல் வந்தது. கூடத்து விளக்கு எரிந்து அணைந்தது. அதே நொடியில், நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

கரண்டம்மா கையை உயர்த்தி அவர் பேச்சை நிறுத்தினாள். எழுந்து சுவரில் காதை வைத்தாள். ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். மறுபடி சிமிட்டல், மறுபடி 'டக்'. அவள் முகத்தில் விளக்கு எரிந்தது.

"பக்கத்து வீட்டுல யாரு?"

மனைவி மாடிப்படியில் வெந்நீர்ப் பாட்டிலோடு நின்றாள். சர்வேயர் முதுகை இன்னும் ஒரு அங்குலம் நிமிர்த்தினார்.

"அந்த வீட்டைப் பத்தி இந்த வீட்டுல பேசறதில்லை."

"நான் வீட்டைப் பத்திக் கேக்கலைங்க. கரண்ட்டைப் பத்திக் கேக்கறேன்."

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அது ஒரே வீடு. அப்பா கட்டியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முப்பதடிக் கூடத்தின் நடுவில் சுவர் எழுந்தது. கோடு போட வெளியாள் எதற்கு என்று சர்வேயரே தன் எஃகு நாடாவை எடுத்தார். சுவர் எழும்பிய பிறகு, அச்சகம் நடத்தி வந்த தம்பி ஒரு துணி நாடாவைக் கொண்டுவந்து தன் பக்கத்தை அளந்து பார்த்துவிட்டு, அரை சாண் குறைகிறது என்றார். தாய்மாமன் தலைமையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடம். ஜாக்கெட் தைக்கிற நாடாவை என் முன்னால் நீட்டாதே என்றார் அண்ணன். "உன் நாடா உன் பக்கம்தான் நீளும்" என்றார் தம்பி.

லஞ்சத்துக்குக் கை நீட்டாத சர்வேயர் என்பது அந்த வட்டாரத்தில் அவருக்கு இருந்த ஒரே சொத்து. அந்தச் சொத்தின் மேல் சொந்தத் தம்பி சேற்றை வாரி அடித்தார். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்குகிற வரைக்கும் உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று எழுந்தவர்தான். அந்தக் குடும்பத்தில் சொன்ன சொல் கல்லில் வெட்டியது. தன் பக்கத்தையாவது ஒருமுறை அளந்து பார்த்திருக்கலாம். அளந்தால் தன்னைத் தானே சந்தேகப்பட்டதாக ஆகும் என்று அதையும் செய்யவில்லை.

கரண்டம்மாவுக்குச் சண்டையில் அக்கறை இல்லை. மீட்டர் எங்கே என்று கேட்டாள். இரண்டு மீட்டரும் பழைய முன்வாசல் நடையில், தம்பி பக்கத்தில் இருக்கின்றன என்றார். அங்கிருந்து கம்பி எப்படி வருகிறது என்றாள். கூடத்து வடக்குச் சுவரில் அப்பா காலத்துப் பெட்டி ஒன்று, அதற்குள் வந்துதான் இரண்டு வீட்டுக்கும் பிரிகிறது என்றார். அவள் தொடையில் தட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்தாள்.

மெயினைச் சோதித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினாள். மின்சாரம் சிவப்புக் கம்பியில் வரும், கறுப்புக் கம்பியில் திரும்பிப் போகும். பாகம் பிரித்தபோது சிவப்பைப் பிரித்திருக்கிறார்கள். கறுப்பு இரண்டும் பெட்டிக்குள் ஒரே முடிச்சாகக் கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த வீட்டு மீட்டருக்குத் திரும்புகிற கறுப்புக் கம்பி அங்கே கருகி விட்டுப்போயிருக்கிறது. அன்றிலிருந்து இந்த வீட்டுக் கரண்ட் தம்பி வீட்டுக் கம்பி வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது.

"இன்னிக்குக் காலையில அந்த வீட்டுல டிரிப் சுவிட்ச் புதுசா போட்டிருப்பாங்க. போனதும் வந்ததும் கணக்கு ஒத்துவரலைன்னா அது தானா விழுந்துடும், உயிரைக் காப்பாத்தற சாமான். உங்க கரண்ட் அவங்க கம்பியில போறதால கணக்கு ஒத்துவரல, விழுந்துடுது. அது விழுந்தா ரெண்டு வீடும் செத்துடும். அவர் தூக்கி விடறார், அது விழுது. அதான் அந்தச் சிமிட்டல்."

"உங்க கரண்ட் வந்து கலக்கறது தெரியாம அவரும் உள்ள மல்லாடிக்கிட்டு இருப்பார்" என்றும் சேர்த்துக்கொண்டாள். சர்வேயருக்கு ஒரு கணம் அற்பமான சந்தோஷம் வந்தது. மறுகணம் மாடியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"முப்பத்தஞ்சு."

பெட்டியைத் திறந்தால் இருபது நிமிட வேலை என்றாள் கரண்டம்மா. மீட்டரிலிருந்து புதுக் கம்பி இழுத்து மாடிக்குக் கொண்டுபோவதென்றால் கடைக்குப் போய்வந்து இரண்டு மணி நேரம் ஆகும், அதற்கும் அந்த வீட்டுக்குள்தான் போக வேண்டும். பெட்டி எங்கே என்று கேட்டாள். அவர் பக்கத்து வடக்குச் சுவரில் பெட்டி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பூச்சுக்குள் எங்கோ மறைந்திருக்க வேண்டும். சுவரெல்லாம் கொத்திப் பார்க்க நேரமில்லை.

"இடம் எனக்குத் தெரியும்" என்றார் சர்வேயர். அப்பா இருந்தபோதே வீட்டை அளந்து வரைந்த படம் அவருடைய பழைய கள நோட்டில் இருந்தது. நோட்டை எடுத்தார். மாடிக்கு ஏறிப் பதினேழாம் நம்பரைப் பார்த்தார். காலையில் ஓயாமல் கொத்திக்கொண்டிருந்த அலகு அசையாமல் நின்றிருந்தது.

அவர் இறங்கி வந்து வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, கரண்டம்மா பின்தொடர, தம்பி வீட்டு வாசலுக்கு நடந்தார். படிக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். கதவைத் தட்டக் கரண்டம்மாவுக்குச் சைகை காட்டினார்.

தம்பி கதவைத் திறந்தார். பட்டப்பகலில் கையில் டார்ச், பனியன் முழுக்க வேர்வை. அண்ணனைப் பார்த்ததும் டார்ச்சை அணைக்கவும் மறந்துவிட்டார். அந்த வெளிச்சம் சர்வேயரின் நெஞ்சில் வட்டமாக நின்றது.

சர்வேயர் தம்பியைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துப் பேசினார். ரெண்டு வீட்டுக் கரண்ட்டும் ஒரே பெட்டியில் சிக்கியிருக்கிறது, இந்த அம்மா உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், நான் இங்கேயே நின்று இடத்தைச் சொல்கிறேன் என்றார்.

"வாசல்ல நின்னு சுவரை எப்படிக் காட்டுவீங்க" என்றாள் கரண்டம்மா. "இடம் தெரிஞ்சவர் உள்ள வந்தாதான் ஆகும்."

தம்பி தொண்டையைக் கனைத்தார். "வான்னு நான் சொல்லலை. வராதேன்னும் சொல்லலை."

சர்வேயரின் கால் நகரவில்லை. அப்போது உள்ளேயிருந்து தம்பியின் மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி அவசரமாக வந்து, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்குமுன்பே கேட்டுவிட்டாள்.

"அக்காவா? பதினேழு வெளிய வந்துடுச்சா?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களில் இருந்த முட்டாள்தனத்தைப் பார்த்தால் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்கள்.

உண்மை வெளியே வந்தது. அலமாரியில் இருந்த முட்டைகளில் பாதிக்கு மேல் இந்த வீட்டு வெள்ளைக் கோழிகள் போட்டவை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மேலாகக் கூடையில் கைமாறியவை. எங்கே வாங்கினாய் என்று சர்வேயர் கேட்டபோது, தெரிந்த இடத்தில் என்று மனைவி சொன்னது பொய்யும் அல்ல. பதினோரு வருஷமாக இந்த இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. கீழே ஆண்கள் மானம் காத்துக்கொண்டிருக்க, மேலே குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

"என் கோழியா?" என்றார் தம்பி, மெதுவாக.

சர்வேயர் கண்ணை மூடித் திறந்தார். இத்தனை நாள் தன் கையால் திருப்பிப் போட்ட முட்டைகள். அவை யார் வீட்டுக் கோழி போட்டவையாக இருந்தால் என்ன, பொறுப்பேற்ற உயிரைக் கைவிடுவது அவர் பரம்பரையில் இல்லை. வாசற்படியை அவர் மிதிக்கவில்லை. பெரிதாக ஒரு எட்டு வைத்துத் தாண்டி உள்ளே போனார்.

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். தம்பி இரண்டு வீட்டு மெயினையும் அணைத்தார். கரண்டம்மா அந்த வீட்டு ஏணியைப் போட்டாள். சர்வேயர் நோட்டைப் பிரித்தார். மேற்குச் சுவரிலிருந்து பதினாலரை அடி, தரையிலிருந்து ஏழடி. தன் நாடா வீட்டில் கிடந்ததால் அவளுடைய நாடாவை வாங்கினார். அதன் முனையை மேற்குச் சுவரில் பிடித்துக்கொள்ளத் தம்பி தானாகவே போய்க் குந்தினார். சர்வேயர் நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தார். பத்தடி. பன்னிரண்டு. பதினாலு.

நாடா நடுச்சுவரில் முட்டியது.

பதினாலேகால் அடி.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். முனையைச் சரியாகப் பிடி என்றார். சரியாகத்தான் பிடித்திருக்கிறேன் என்று அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது. மறுபடி இழுத்தார். பதினாலேகால்தான். கூடம் முப்பதடி. சுவரின் கனத்தைக் கழித்தால் ஆளுக்குப் பதினாலடி ஏழரை அங்குலம் இருக்க வேண்டும். பதினாலரை அடியில் இருந்த பெட்டி சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றிருக்க வேண்டும். பெட்டியை மூடிக்கொண்டு, நாலரை அங்குலம் உள்ளே தள்ளி, தம்பியின் நிலத்தில் நிற்கிறது சுவர்.

நாலரை அங்குலம். அரை சாண்.

அவருடைய எஃகு நாடாவின் முனை ஒரு மலையடிவார வேலையில் முறிந்து, நாலரை அங்குலம் போய்விட்டது. வளையத்தை அந்த இடத்தில் வைத்துத் தானே ஆணி அடித்துக்கொண்டார். புதிது வாங்கித் தருகிறோம் என்ற அலுவலகத்திடம் வேண்டாம் என்றார். நாடாவில் எதைப் படித்தாலும் மனசுக்குள் நாலரையைக் கழித்தால் தீர்ந்தது. பத்து வருஷம் அப்படியே வேலை பார்த்தார், ஒரு நாளும் தப்பவில்லை. கூடத்தில் கோடு போட்ட அன்று, பாகப்பிரிவினையின் கோபத்தில், கழிக்க மறந்திருக்கிறார். கொத்தனார் அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னதுகூட இப்போது காதில் ஒலித்தது: ஐயா, பெட்டி சுவருக்குள்ள போகுதே. அவர் சொன்ன பதிலும் ஒலித்தது: கோடு போட்டது நான்.

"முப்பத்துநாலு" என்று மொட்டைமாடியிலிருந்து மனைவியின் குரல் இறங்கியது.

நோட்டில் உள்ளது அவருக்கு மட்டும்தான் தெரியும். தம்பி மறுகோடியில் இருக்கிறார், எண்ணைப் பார்க்கவில்லை. கரண்டம்மாவுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியாது. பெட்டி சுவருக்குள் இருக்கிறது, குடையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குஞ்சும் பிழைக்கும், பெயரும் பிழைக்கும்.

அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த கையில் பிழை இருந்தால் அதை எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் முறை. மறைத்துவிட்டு நிமிர்ந்து நடந்தால் அந்த முதுகுக்கு என்ன மரியாதை?

"அந்த முனையை விட்டுட்டு இங்க வா" என்றார்.

தம்பி வந்தார்.

"இதைப் படி."

"பதினாலேகால்."

"பதினாலு ஏழரை இருக்கணும். அன்னிக்கு நீ சொன்ன அரை சாண் சரிதான். முறிஞ்ச நாடாவை வெச்சுக்கிட்டு, கழிக்க மறந்துட்டேன். தப்பு என்னுது."

தம்பி பதினோரு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார், எப்படிப் பதில் சொல்வது என்று பலமுறை ஒத்திகையும் பார்த்திருந்தார். இப்போது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இது யார் சுவர்?" என்றாள் கரண்டம்மா ஏணி மேலிருந்து. "ரெண்டு செங்கல் எடுக்கணும். யாரைக் கேக்கணும்?"

"என்னைக் கேளுங்க" என்றார் சர்வேயர். "உடைங்க."

"நீங்க நகருங்க அண்ணா" என்று தம்பி, கீழே இறங்கிய கரண்டம்மாவிடம் சுத்தியலையும் உளியையும் வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். "நீங்க அடிச்சா நாலரை அங்குலம் தள்ளி அடிப்பீங்க."

ஏணியைப் பிடித்திருந்த சர்வேயருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது.

இரண்டாவது செங்கல் விழுந்ததும் பெட்டியின் துருப்பிடித்த ஓரம் தெரிந்தது. அப்பா கையால் பூசிய பச்சை வர்ணம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கறுப்பு முடிச்சு ஒன்று. அதன் ஒரு கிளை கரித்துண்டாகப் பொடிந்து கிடந்தது. அவள் சொன்னது சொன்னபடி. கரண்டம்மா கருகியதை வெட்டினாள், செம்பு மின்னும் வரை சுரண்டினாள், ஆளுக்கொரு கறுப்புக் கம்பியாகப் பிரித்து, புதிய இணைப்புகளில் முறுக்கினாள். தம்பி டார்ச் பிடித்தார். சர்வேயர் கேட்டதை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். மேலே இரண்டு ஓரகத்திகளும் ஒருவர் மாற்றி ஒருவர் வெந்நீர் ஊற்றினார்கள். இந்தமுறை கூடை ஒளிந்து போகவில்லை, பாத்திரமே கைப்பிடிச் சுவர் மேல் பகிரங்கமாகப் போனது.

மெயினைப் போடுங்கள் என்றாள். தம்பி போட்டார். டிரிப் சுவிட்ச் நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பத்து நொடி, இருபது நொடி. 'டக்' வரவில்லை. அவள் சுவிட்சில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தி அதைத் தானே விழ வைத்து, மறுபடி தூக்கி விட்டாள். மாதம் ஒருமுறை இப்படி அழுத்திப் பார்க்க வேண்டும், விழாத சுவிட்சுதான் ஆபத்து என்றாள்.

சுவரில் விழுந்த ஓட்டை வழியாக, அண்ணன் வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிவது தெரிந்தது.

மாடியில் அலமாரி விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது என்று சத்தம் வந்தது. எல்லாரும் ஓடுவார்கள் என்று கரண்டம்மா நினைத்தாள். சர்வேயர் ஓடவில்லை. போனை எடுத்துத் தாய்மாமனைக் கூப்பிட்டார். அவமானம் பத்துப் பேர் முன்னிலையில் நடந்தது, திருத்தமும் தலைவர் காதுக்குப் போக வேண்டும். ஆனால் தாய்மாமனுக்கு வயது தொண்ணூறு, காது மந்தம்.

"சுவர் அரை சாண் தம்பி பக்கம் வந்திருக்கு மாமா."

என்னது என்று கேட்டார் மாமா. சர்வேயர் உரக்கச் சொன்னார். இன்னும் சத்தமாகச் சொல்லு என்றார் மாமா. மூன்றாம் முறை, தப்பு என்னுது என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ரேடியோ நின்றது. ஜன்னல்கள் திறந்தன. தெரு முழுக்கக் கேட்டது. இதைவிடப் பெரிய சபை கூட்ட முடியாது.

"சரி, எப்ப இடிக்கறே?" என்றார் மாமா.

நாளைக்கே என்று அண்ணன் சொல்ல, தம்பி குறுக்கே விழுந்தார். தூசி பட்டால் குஞ்சுக்கு ஆகாது, இறகு முளைக்க ஆறு வாரமாவது ஆகும், அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். ஆறு வாரம் கழித்து வரும் தேதியைச் சர்வேயர் கள நோட்டில் எழுதினார். 'நடுச்சுவர் நாலரை அங்குலம் கிழக்கே நகர வேண்டும். பிழை அளந்தவருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தம்பியிடம் நீட்டினார். தம்பி எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அச்சகக்காரர் பழக்கத்தில் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"முப்பத்தேழு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "பதினேழு அசையுது."

அதுவரைக்கும்தான் கட்டுப்பாடு. சர்வேயர் தம்பி வீட்டுப் படியை இந்தமுறை நன்றாக மிதித்து வெளியே பாய்ந்து, தன் வீட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினார். பாதிப் படியில் தம்பி அவரை முந்தினார். பின்னால் கரண்டம்மா, மடக்கிய ஏணியைக் கீழே சாய்த்துவிட்டு, குஞ்சை நானும் பார்க்க வேண்டும் என்று ஏறினாள். கண்ணாடிக் கதவின் முன் ஐந்து தலைகள் மோதிக்கொண்டன.

பதினேழாம் நம்பர் ஓட்டின் மூடி தொப்பி கழலுவது போல் திறந்தது. ஈரமான, ஒட்டிப்போன, பார்க்கவே அசிங்கமான ஒரு ஜீவன் வெளியே உருண்டது. ஒரு நிமிடம் செத்தது போல் கிடந்தது. பிறகு தலையைத் தூக்கி, அத்தனை முகங்களையும் பார்த்து, தன் உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய குரலில் கத்தியது. அதைக் கேட்டு மூன்று முட்டைகள் ஒன்றாக ஆடின.

"வெள்ளைக் கோழி ஜாதி" என்றார் தம்பி. "அப்ப இது என்னுது."

"நம்பர் போட்டது யாரு?" என்றார் அண்ணன்.

"நம்பர் போட்டா உங்களுதாயிடுமா?"

"இத்தனை நாள் திருப்பிப் போட்டது யாருடா?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் நோட்டை எடுத்து மணியைப் பார்த்து எழுதினாள்: பதினேழு, இரண்டு இருபது.